இரண்டு நாள் கணினிப் பயிற்சி முடிந்தது, நூலகத்தில் என்ன மாறியது?

ஜூன் 14, 2025: ஒரு வாசகரின் கேள்வி

பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். பி.லிப். என்கிற நூலக அறிவியல் பட்டம் படித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் எங்களை இரண்டு நாள் தொழில்நுட்பப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏ.சி. ஹால், நல்ல சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். கோஹா என்கிற நூலக மென்பொருள், மின் ஆவணங்களைச் சேமிக்கிற டி-ஸ்பேஸ், புத்தகத்தில் ஒட்டுகிற ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு, செயற்கை நுண்ணறிவு எல்லாம் காட்டினார்கள். பள்ளி திறந்துவிட்டது, நான் இன்னும் நோட்டில்தான் இஷ்யூ எழுதுகிறேன். எனக்குத் தோன்றுவது இது: பள்ளி நூலகருக்கென்று தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நிர்வாகம் நல்ல மென்பொருள் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும். மீதியைப் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 14, இரவு

மென்பொருள் வாங்கிக் கொடுத்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் நூலகர். நான் சேருவதற்கு முன்பே அங்கே மென்பொருள் வாங்கியிருந்தார்கள். விற்ற நிறுவனமே ஆள் அனுப்பிப் புத்தக விவரங்களை ஏற்றிக் கொடுத்தது. தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில், அந்தந்த ஆளுக்குத் தோன்றிய ஸ்பெல்லிங்கில் அடித்திருந்தார்கள். திருக்குறள் உரைகளே நாலைந்து ஸ்பெல்லிங்கில் சிதறிக் கிடந்தன. பிள்ளைகள் தமிழில் தேடினால் எதுவும் வராது. பராமரிப்புக் கட்டணத்தைப் பள்ளி நிறுத்தியதும் மென்பொருள் திறக்கவே இல்லை. எங்கள் விவரங்களை எக்செல்லாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்து மறுபடி அடித்தோம்.

வாங்கும்போது விவரம் தெரிந்த ஒரு நூலகர் கூட இருந்திருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். எங்கள் தரவை நாங்களே எப்போது வேண்டுமானாலும் நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான மார்க் 21 வடிவிலோ எக்செல்லிலோ வெளியே எடுக்க முடியுமா? தமிழில் அடித்தால் தமிழில் தேடுமா? இந்த இரண்டும் நம் வேலையின் உள்ளே இருக்கிற கேள்விகள். மென்பொருளோடு சேர்ந்து வருவதில்லை.

ஜூன் 15

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. உங்களுக்கு நடந்த பயிற்சி ஏன் ஒட்டவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. அங்கே காட்டிய புத்தகங்கள் உங்கள் அலமாரியில் இல்லை.

பயிற்சியாளர் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுப்பார். பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என்., அதாவது அந்தப் பதிப்புக்கென்று உலக அளவில் தரப்படும் எண், இருக்கும். அதை அடித்ததும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வகைப்பாட்டு எண் எல்லாம் எங்கிருந்தோ இறங்கி வந்து நிற்கும். பார்க்க அருமையாக இருக்கும். திங்கட்கிழமை நம் நூலகத்தில் கைக்கு வந்த முதல் புத்தகத்தை எடுத்தால் அதில் அந்த எண்ணே இருக்காது. சிறு பதிப்பகங்களின் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் எண் கிடையாது. இருந்தாலும் பத்து இலக்கப் பழைய எண்ணாக இருக்கும். 2007-இல்தான் அது 13 இலக்கமானது. இந்தியப் புத்தகம் என்றால் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வரும்.

தமிழ்ப் புத்தகங்களின் பதிவுகள் வெளியே இல்லாமல் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிவருகிறது. அவர்கள் அட்டவணையில் நம் புத்தகங்கள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலே கோடு கீழே புள்ளி போட்டு இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதற்கு உதவும்? இறக்கிய பதிவில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் மாற்றி எழுதுகிற வேலை மீதி இருக்கும். அந்த வேலையைத்தான் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

ஜூன் 17

எக்செல் தெரியும், அதில் என்ன பயிற்சி என்று ஒரு சார் கேட்டிருக்கிறார். சார், எக்செல் எல்லாருக்கும் தெரியும். நூலகத்துக்கு அது செய்கிற மூன்று கெடுதல் தெரிந்தவர்கள் குறைவு.

13 இலக்க எண்ணை அடித்தால் அது 9.78 என்று சுருக்கிப் பக்கத்தில் ஈ பிளஸ் 12 போட்டுக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி.யாக, அதாவது வேறு மென்பொருளுக்கு ஏற்றுகிற வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும், திரும்ப வராது. அக்செஷன் எண்ணை, அதாவது பதிவேட்டில் புத்தகத்துக்குத் தருகிற வரிசை எண்ணை, 00457 என்று அடித்தால் 457 ஆகிவிடும். அப்புறம் ஸ்டிக்கரில் ஒன்று, கணினியில் ஒன்று. இந்த இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை, அதாவது நெடுவரிசையை, டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் கொடுமை. சாதாரண சி.எஸ்.வி. என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தமிழ் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி ஆகிவிடும். அதே பட்டியலில் யு.டி.எஃப்-8 என்று சேர்த்துப் போட்ட சி.எஸ்.வி. ஒன்று இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும்.

கோடை முழுக்க உட்கார்ந்து ஏற்றிய பட்டியல் கேள்விக்குறியாக நிற்பதைப் பார்த்து அழுத ஒரு நூலகரை எனக்குத் தெரியும். அவரிடம் இதை யாராவது ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

ஜூன் 21

இன்று விடுமுறை, நிதானமாக எழுதுகிறேன். தமிழ் எழுத்து பற்றி.

எந்தத் தொழில்நுட்பப் பயிற்சியிலும் இதற்கு நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. நம் பள்ளிகளில் புத்தகப் பட்டியல் என்று ஒன்று இருந்தால், அது ஏதோ ஒரு காலத்தில் யாரோ பாமினியிலோ வானவில்லிலோ அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாமினி என்றால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பார்த்தவுடன் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழிலோ போட்டால் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரிகிற யூனிகோடாக மாறிவிடும். பழைய எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பள்ளி அலுவலகங்களில் பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது என்பதால் இந்த வேலை நமக்கு இன்னும் பல வருடம் இருக்கும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. ஔவையாரைத் தேடிப் பாருங்கள். ஒருவர் ஔ என்ற ஒரே எழுத்தாக அடித்திருப்பார். இன்னொருவர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு சொல். எங்கள் பட்டியலில் ஆத்திசூடிப் புத்தகங்களில் பாதி ஒரு தேடலில் வரும், மீதி மறு தேடலில் வரும். அதேபோல ‘கொ’வில் வருகிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கித் தேடும். மலிவான மென்பொருள் தேடாது. காலுக்குப் பதில் ‘ர’ அடித்த பட்டியல்கள் வேறு இருக்கின்றன, அவற்றை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

அப்புறம் ஆசிரியர் பெயர். மு.வ., மு. வரதராசன், மு.வரதராசனார், வரதராசன் மு., டாக்டர் மு.வ. ஐந்தும் ஒருவரே. எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்று முதல் நாளே முடிவெடுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பி.லிப். பாடத்தில் இதைப் படித்திருக்கிறோம், ஆங்கிலப் பெயர்களை வைத்துப் படித்திருக்கிறோம். இனிஷியல் முன்னால் வருகிற, குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களை வைத்து யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

என் கருத்து இதுதான், எத்தனை பேர் மறுத்தாலும் சொல்வேன்: பள்ளி நூலகருக்கான பயிற்சி அவருடைய சொந்த நூலகத்தில், அவருடைய சொந்தப் பதிவேட்டை மேஜையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஜூன் 22

அகரவரிசை ஏன் தப்பாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். யூனிகோடில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது, ‘ற’ ‘ர’வுக்கு அடுத்து. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் ‘கனவு’ என்று தொடங்குகிற தலைப்பு ‘கபடி’க்கு முன்னால் வந்துவிடும். நம் அகராதி வரிசையில் அது ‘கவிதை’க்கும் பின்னால் வர வேண்டும். வாங்கும் முன் இந்த மூன்று சொல்லையும் கொடுத்து அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஜூன் 28

திருவொற்றியூர் சார் கோஹா இலவசம்தானே, அதைப் போட்டுவிட்டுப் போகலாமே என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்து 1999-இல் எழுதத் தொடங்கினார்கள், 2000 தொடக்கத்தில் ஓடவும் வைத்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. தமிழ் யூனிகோடும் அதில் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் அது லினக்ஸ் சர்வரில் ஓடுவது. கணினி ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்த நாள் யார் பார்ப்பார்கள் என்பதற்கு விடை வேண்டும். ஒரே கணினி, அதிலும் மதியம் வரை அலுவலக வேலை நடக்கிறது என்கிற பள்ளிக்கு நான் எக்செல்லில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். பத்திகள் சரியாக இருந்தால் பின்னால் கோஹாவுக்கோ என்.ஐ.சி. தருகிற இ-கிரந்தாலயா என்கிற அரசு மென்பொருளுக்கோ மாற்றி ஏற்றலாம். தரவு சுத்தமாக இருந்தால் மென்பொருளை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

சார் இதைப் படித்துவிட்டு, எக்செல்லில் தொடங்கியவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று பதில் போட்டிருக்கிறார். அதுவும் உண்மை. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம்: எக்செல்லில் தொடங்குகிறவர் எப்போது மாறப்போகிறார் என்று அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 1

பார்கோடு ஸ்கேனர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ரிச்சி தெருவில் வயர் உள்ள சாதாரண ஸ்கேனர் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணை அடித்து என்டரையும் தட்டிவிடும், அவ்வளவுதான். எக்செல்லிலும் வேலை செய்யும். பின்னட்டையில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், மேலே ஒளி ஊடுருவும் டேப் போடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக் காற்று. யு.எஸ்.பி. முனையைத் துடைத்து உறைக்குள் வையுங்கள்.

ஜூலை 5

பயிற்சிக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

கணினி என்ற சொல் கடிதத்தில் இருந்தால் பல பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியரை அனுப்புகிறார்கள். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் நூலகரே கிடையாது. ஒரு தமிழாசிரியர் பொறுப்பு பார்ப்பார். எங்களைப் போல நூலகர் இருக்கிற இடத்திலும் யாராவது லீவு என்றால் சப்ஸ்டிட்யூஷன் நமக்குத்தான். பாடப்புத்தகம் வழங்குவது, உதவித்தொகைப் படிவம், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு எல்லாம் நம் மேஜைக்கு வரும். கணினி தெரியும் என்று காட்டிக்கொண்டால் இன்னும் அதிகமாக வரும் என்று பயந்து பயிற்சிக்கே போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பயிற்சி நடத்துகிறவர்கள் தலைமையாசிரியரையும் கடைசி ஒரு மணி நேரம் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பீரியட் இந்த வேலைக்கு மட்டும் என்று அவர் அங்கேயே எழுதித் தந்தால்தான் கற்றது நிலைக்கும்.

ஜூலை 12

போனில் கற்றுக்கொள்ளலாம் என்ற பெரம்பூர் தங்கையின் பேச்சுக்கு மறுபடி வருகிறேன். நீங்களும் நானும் கற்றுக்கொள்வோம், சரி. நூலகர் கற்பது பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகத்தானே.

எங்கள் பள்ளியில் காசிமேட்டுப் பிள்ளைகள் நிறைய. பல வீடுகளில் ஒரே போன். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும், அல்லது விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிற அம்மாவோடு போய்விடும். 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். குறியீடு போட்டார்கள். ஸ்கேன் செய்தால் அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்‌ஷாவில் பாடம் திறக்கும். ஸ்கேன் செய்ய எது? மதிய இடைவேளையில் நூலகக் கணினியில் அந்தக் குறியீட்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கிற எழுத்து எண்ணை அடித்துத் திறக்கலாம் என்பதை ஒரு மாணவிதான் எனக்குக் காட்டினாள். இப்போது அந்த நேரத்தில் கூட்டம் அலைமோதுகிறது. இணையம் மெதுவாக இருக்கிற நாளுக்கு என்று வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கிறேன்.

கதைப் புத்தகங்களுக்கு ஸ்டோரிவீவர் இணையதளம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. தமிழில் நிறைய இருக்கிறது, பொது உரிமத்தில் இருப்பதால் அச்சடித்தும் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு ஒரு கதையை அச்சடித்து, பிள்ளைகளையே படம் போடச் சொல்லி, தைத்து அலமாரியில் வைத்தோம். அந்தப் புத்தகத்துக்கும் அக்செஷன் எண் போட்டேன்.

ஜூலை 13

பேக்கப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் தரைத்தள நூலகத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தட்டுப் புத்தகங்களோடு பதிவேடும் நனைந்தது. கணினியில் இருந்ததைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பென்டிரைவும் அதே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தணிக்கைக்கு எதைக் காட்டுவது என்று தெரியாமல் அந்த நூலகர் பட்டபாடு எங்களுக்குத் தெரியும்.

ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி மாடியில் தலைமையாசிரியர் அறையில், ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே. பள்ளியின் கூகுள் டிரைவ் என்றால் நல்லது. பதிவேட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அதையும் வையுங்கள். வட சென்னையில் இதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.

ஜூலை 19

வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் ப்ளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக 23 சின்னச் சின்னப் பயிற்சிகளை எழுதி வைத்தார். வலைப்பூ தொடங்குவது, படம் ஏற்றுவது, குறிச்சொல் போடுவது மாதிரி. யாரும் ஹாலில் போய் உட்காரவில்லை. வேலைக்கு நடுவே அவரவர் நேரத்தில் செய்து, செய்ததை எழுதினார்கள். முடித்தவர்களுக்கு ஓர் எம்.பி.3 பிளேயர். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்ததால் பல நாட்டு நூலகங்கள் அதைத் தங்களுக்கு ஏற்ப எழுதிக்கொண்டன.

நமக்கும் அப்படி ஒன்று எழுதினால் என்ன? வலைப்பூவெல்லாம் வேண்டாம். பாமினிப் பட்டியல் ஒன்றை யூனிகோடாக்கு. ஐ.எஸ்.பி.என். இல்லாத பத்துப் புத்தகத்தை ஏற்று. உன் பட்டியலில் ஔவையாரை இரண்டு விதமாகத் தேடிப் பார். ஒரு பிள்ளையைத் தனியாகத் தேட விட்டு, எங்கே சிக்குகிறது என்று பக்கத்தில் நின்று பார். இப்படி.

ஜூலை 20

நேற்று எழுதியதற்கு இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திருவொற்றியூர் சார், பெரம்பூர் தங்கை, எம்.கே.பி. நகர் அக்கா, நான் என்று சனிக்கிழமைகளில் கூடலாம் என்று பேசியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒருவர் நூலகத்தில். அங்கே இருக்கிற கணினி, அங்கே இருக்கிற புத்தகம். வேறு எதுவும் கொண்டுவரக் கூடாது.

ஜூலை 26

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எண்ணூர் உப்பளங்களைப் பற்றித் திட்ட அறிக்கை எழுத ஒரு புத்தகப் பட்டியலோடு வந்தான். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. சாட்ஜிபிடி கொடுத்தது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவனையும் உட்கார வைத்து, கன்னிமாரா நூலகத்தின் இணைய அட்டவணையில் ஒவ்வொன்றாகத் தேடினோம். நாட்டில் வெளியாகிற நூல்கள் சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அங்கும் இல்லை. பதிப்பகத் தளத்திலும் இல்லை. அந்தப் புத்தகங்களே கிடையாது.

அவன் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் பிடித்திருந்தது. ஒரு தகவலைக் கண்டால் அந்தப் பக்கத்தையே முறைத்துப் பார்க்காமல், வெளியே வந்து வேறு நாலு இடத்தில் அதைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்களைக் கவனித்து, அவர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று எழுதினார்கள். அட்டவணையில் தேடத் தெரிந்த நூலகருக்கு இது பழைய வித்தைதான். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று நம்மைக் கூப்பிடுகிறவர்கள் கேள்வி கேட்பது எப்படி என்று மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். வந்த பதிலைச் சோதிப்பது எப்படி என்பதைத்தான் பிள்ளைகள் நம்மிடம் கேட்டு நிற்கிறார்கள்.

அவன் கடைசியில் உப்பளத்தில் வேலை பார்த்த தன் தாத்தாவிடம் பேசி எழுதினான். அந்த அறிக்கையின் ஒரு பிரதியை நூலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2

பி.டி.எஃப். குழு பற்றி. புது நாவல்களின் பி.டி.எஃப். கேட்டு ஆசிரியர்களே மெசேஜ் அனுப்புகிறார்கள். நூலகர் அனுப்பக் கூடாது. நம் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. நாட்டுடைமையான நூல்களுக்குத் தடை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் 1998 முதல் நடக்கிற மதுரைத் திட்டத்திலும் படிக்கத் தீராத அளவுக்கு இருக்கிறது. அந்த இணைப்பை அனுப்புங்கள்.

இன்னொன்று: யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பட்டியலைப் போன் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், தாமதமானவர்களைக் கூப்பிட. செய்யாதீர்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், வளரிளம் பருவம் பற்றிய புத்தகம் எடுத்த பெண்ணின் பெயர் குழுவில் வந்தால் அவள் மறுபடி நூலகத்துக்குள் வருவாளா?

ஆகஸ்ட் 12

இன்று நூலகர் தினம். எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாள். அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது கணித ஆசிரியர். நூலகம் நடத்தப் பழக லண்டனுக்கு அனுப்பினார்கள். வகுப்பில் உட்கார்ந்ததோடு நிற்காமல் இங்கிலாந்து நூலகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து 1928-இல் சென்னை நூலகச் சங்கம், 1929-இல் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று அவர் எழுதிய விதியை நாம் எல்லாரும் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். நம் பட்டியலில் ஔவையாரை இரண்டு முறை தேட வேண்டியிருக்கிற பிள்ளையை நினைத்தால் எனக்கு அந்த விதி உறுத்துகிறது.

ஆகஸ்ட் 16

எம்.கே.பி. நகர் அக்காவின் நூலகத்தில் இன்று கூடினோம். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். மவுஸைப் பிடிக்கவே தயங்குகிறவர். ஆனால் எந்தப் புத்தகத்தை எந்தத் தலைப்பின் கீழ் பிள்ளைகள் தேடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ‘பேய்க்கதை’ என்று ஒரு பொருள் தலைப்பு போடச் சொன்னார். நூலகங்கள் புத்தகங்களை வகைப்படுத்துகிற டியூயி எண்ணில் அது 894.8113, தமிழ்ப் புனைகதை, அவ்வளவுதான். பிள்ளை அப்படிக் கேட்பதில்லை. பேய்க்கதை என்றுதான் கேட்கும். அக்கா சொல்லச் சொல்லப் பெரம்பூர் தங்கை அடித்தார். ஒரு அலமாரி முழுக்க இப்படிப் போட்டாயிற்று.

ஹாலில் நடக்கிற இரண்டு நாள் பயிற்சியை நான் மேலே கடுமையாகப் பேசியிருந்தேன். இன்று தங்கை எக்செல்லிலிருந்து கோஹாவுக்குப் பதிவுகளை மாற்றிக் காட்டினார். மார்க் 21 பத்திகளின் எண்கள் எல்லாம் அவருக்கு நினைவிருந்தன, அந்த இரண்டு நாளில் கற்றவை. ஆக அந்தப் பயிற்சி வீண் இல்லை. அதற்குப் பிறகு உட்கார ஒரு இடமும் பக்கத்தில் ஓர் ஆளும் இல்லாமல்தான் அது தூங்கிக் கிடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 23

வர விரும்புகிறவர்கள் ஓ.டி., அதாவது வெளியே போவதைப் பணியாகவே கணக்கிடுகிற அனுமதி, கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கடிதத்தில் ‘கணினிப் பயிற்சி’ என்று எழுதாதீர்கள். ‘நூலக இருப்புச் சரிபார்ப்புக்கும் பட்டியல் திருத்தத்துக்குமான கூட்டுப் பணி’ என்று எழுதுங்கள். நாம் செய்வதும் அதுதான். எத்தனை பதிவு திருத்தினீர்கள் என்று திரும்பி வந்ததும் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் வாரம் இரண்டு பீரியட் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை திருவொற்றியூர் சாரின் நூலகம். காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். சாரிடம் பாமினியில் அடித்த பட்டியல் ஒன்று இருக்கிறது, பத்து வருடமாக யாரும் திறக்காதது. முதலில் அதை மாற்றுகிறோம். அங்கே இரண்டு பிளக்தான் இருக்கிறதாம், யாராவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து வாருங்கள்.